தீர்ப்பு வரும் முன்பே சொத்தை எடுப்பது நியாயமா?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. 2009-இல் என் சேமிப்பையும் வங்கிக் கடனையும் வைத்து என் பெயரில் ஒரு வீடு வாங்கினேன். கடன் முழுவதையும் என் சம்பளத்திலிருந்தே அடைத்தேன். என் கணவரின் தம்பி நிதி நிறுவனம் நடத்திவந்தவர். வைப்புத்தொகையைத் திருப்பித் தரவில்லை என்று அவர் மீதும் பங்குதாரர்கள் மீதும் மோசடி வழக்கு பதிவாகி, அதன் தொடர்ச்சியாக அமலாக்கத்துறையும் வழக்குப் போட்டிருக்கிறது. 2018-இல் அவர் என் வங்கிக் கணக்குக்கு 18 லட்சம் ரூபாய் அனுப்பினார். அதைக் கொண்டு மாடி கட்டினோம். இப்போது வீடு முழுவதையும் தற்காலிகமாக முடக்கி உத்தரவு வந்துவிட்டது. விளக்கம் கேட்டு நோட்டீஸும் வந்திருக்கிறது. என் மீது எந்த வழக்கும் இல்லை. கொழுந்தனார் மீதான வழக்கிலும் சாட்சி விசாரணை தொடங்கவில்லை. “ஏமாந்த ஜனங்களின் பணம், போனால் போகட்டும்” என்கிறார் என் கணவர். “தீர்ப்பே இல்லாமல் வீட்டை எடுப்பது கொள்ளை” என்கிறான் மகன். பழைய தேதியிட்டு மகள் பெயருக்கு ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறார் உறவினர் ஒருவர். நான் என்ன செய்வது? குற்றம் நிரூபணமாகும் முன்பே சொத்தில் கை வைப்பது நியாயம்தானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நோட்டீஸுக்குப் பதில் கொடுத்தே ஆக வேண்டும். இந்த வரியைப் படித்ததும் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கக் கிளம்புங்கள்; மீதியைத் திரும்பி வந்து படிக்கலாம். அதில் குறித்திருக்கும் நாளைத் தவறவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலேயே முடக்கம் உறுதியாகிவிடும். அதன் பிறகும் வாதாட இடம் உண்டு, ஆனால் ஏற வேண்டிய படிகள் அதிகம்.

இனி நியாயத்துக்கு வருகிறேன். முடிவில் உங்கள் மகன் பக்கம்தான் அதிகம் சாய்வேன். ஆனால் அவர் தொடங்கும் இடத்தில் என்னால் தொடங்க முடியவில்லை. தீர்ப்புக்கு முன் எந்தச் சொத்தையும் அரசு தொடவே கூடாது என்று வைத்துக்கொண்டால், ஏமாந்தவர்களுக்கு மிஞ்சுவது தீர்ப்பின் நகல் மட்டும்தான். 1990-களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டபோது நடந்தது அதுதான். ஓய்வூதியப் பணத்தையும் மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்ததையும் கொடுத்தவர்கள் கையில் ரசீது இருந்தது. நிறுவனத்தின் பெயரில் எதுவும் இல்லை. அந்த அனுபவத்தில்தான் 1997-இல் தமிழ்நாடு முதலீட்டாளர்கள் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிதி நிறுவனத்தின் சொத்தை முன்கூட்டியே முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் வழியாக விற்று, பணம் கட்டியவர்களுக்குப் பகிர்ந்தளிக்க அது வழி செய்தது. அது செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

முன்கூட்டியே முடக்குவது அரசுக்கு மட்டும் கிடைத்த தனிச் சலுகையும் அல்ல. கடன் கொடுத்த ஒரு சாதாரண மனிதர், கடன் வாங்கியவர் வழக்கு முடிவதற்குள் சொத்தை விற்றுவிட்டு ஓடப் பார்க்கிறார் என்று காட்டினால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்ய உரிமையியல் நீதிமன்றம் உத்தரவிடலாம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே அந்த வழி இருக்கிறது. யாரும் அதைக் கொள்ளை என்று சொல்வதில்லை. சொத்து இருக்கும் இடத்திலேயே இருக்கிறது, உடைமையும் மாறவில்லை, விற்க மட்டும் முடியாது, கேட்பதற்கு நீதிபதி இருக்கிறார், வழக்கு முடிந்ததும் தடை நீங்கிவிடுகிறது.

முடக்கத்தை நியாயமாக்குவது இவ்வளவுதான். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் அது மெல்ல மெல்லப் பறிமுதலாக மாறத் தொடங்குகிறது. உங்கள் வீட்டைத் தொட்டிருக்கும் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் அப்படி விட்டுப்போனவை சில உண்டு. அவற்றில் என்னை மிகவும் உறுத்துவது காலம்.

முதலில், முடிவெடுப்பவர் யார் என்பதைப் பார்ப்போம். அந்நிய அரசு, உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944-இல், லஞ்சம் வாங்கியவர்களின் சொத்தை முடக்க ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதில்கூட, முடக்க வேண்டுமானால் அரசு மாவட்ட நீதிபதியிடம் போய் மனுப் போட வேண்டும். 2002-இல் நாமே இயற்றி, 2005 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் அந்த நீதிபதி இல்லை. அமலாக்கத்துறையின் துணை இயக்குநர் நிலையில் உள்ள அதிகாரியே, தாம் நம்புவதற்கான காரணத்தை எழுதிவைத்து 180 நாள்களுக்கு முடக்கலாம். 30 நாள்களுக்குள் டெல்லியில் உள்ள தீர்ப்பாணையத்தில் அவர் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஆணையத்தின் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. உத்தரவு போட்ட துறையும் அதே அரசின் நிதி அமைச்சகத்தின் கீழ்தான் வருகிறது. ஆணையத்தில் இருப்பவர்கள் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் வீட்டை இழக்கப்போகிறவர் தம் வாதத்தை முதலில் சொல்ல வேண்டிய இடம் நீதிமன்றமாக இருந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அடுத்தது, நிரூபிக்கும் பொறுப்பு. குற்றம் சாட்டப்பட்டவரிடம் இருப்பது குற்றத்தால் வந்த சொத்து என்றால், அது பணப் பரிமாற்றக் குற்றத்தில் சம்பந்தப்பட்டது என்று இந்தச் சட்டம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர். 2022 ஜூலை 27 அன்று விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் பணம் வந்ததாகச் சொல்லப்படும் மூலக் குற்றம் (உங்கள் விஷயத்தில் அந்த மோசடி) நடந்தது, அந்தச் சொத்து அதிலிருந்து வந்தது, அந்த நபருக்கு அதில் தொடர்பு உண்டு என்ற அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும் என்றும் சொன்னது. உங்களைப் போல் குற்றம் சாட்டப்படாதவர்கள் விஷயத்தில் சட்டத்தின் நடை மாறுகிறது. அங்கே ஊகித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஊகிக்கலாம் என்று மட்டும் இருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

காலத்துக்கு வருகிறேன். முடக்கத்தைத் தீர்ப்பாணையம் உறுதி செய்த பிறகு, புலனாய்வுக் கட்டத்தில் அது 365 நாள்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது. அதற்குள் அமலாக்கத்துறை சிறப்பு நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யாவிட்டால் சொத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டால் அதன் பிறகு வரம்பே கிடையாது. வழக்கு நிலுவையில் இருக்கும் வரை முடக்கமும் இருக்கும். வழக்கு எத்தனை ஆண்டு நிலுவையில் இருக்கும் என்று எந்த வழக்கறிஞராலும் உங்களுக்குச் சொல்ல முடியாது. அரசியல்வாதிகள் மீது 10 ஆண்டுகளில் அமலாக்கத்துறை போட்ட 193 வழக்குகளில் 2 வழக்குகளில்தான் தண்டனை கிடைத்தது என்று 2025-இல் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அந்த 2 போக மீதமுள்ளவர்கள் எல்லாம் நிரபராதிகள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான வழக்குகள் முடியவே இல்லை என்பதுதான் என் கவலை. முடியாத வழக்கில் முடங்கிய சொத்துக்கு, தண்டனை பெற்றவரின் சொத்துக்கு நேரும் அதே கதிதான் நேர்கிறது. 60 வயதில் வீடு முடங்கி 75 வயதில் விடுவிக்கப்பட்டால், மகளின் படிப்புக்கோ கணவரின் அறுவை சிகிச்சைக்கோ அந்த வீட்டை அடமானம் வைத்திருக்க வேண்டிய காலம் எப்போதோ கடந்து போயிருக்கும்.

அப்படி விடுவிக்கப்படும்போது இழப்பீடும் கிடையாது. நல்லெண்ணத்தில் செய்த செயலுக்காக அரசின் மீதோ அதிகாரி மீதோ வழக்குத் தொடர முடியாது என்று இந்தச் சட்டத்தின் 67-ஆவது பிரிவு அரண் போட்டிருக்கிறது. இத்தனைக்கும் ஒடிசாவிலும் பிகாரிலும் ஊழல் வழக்குகளுக்கென்று இயற்றப்பட்ட சிறப்பு நீதிமன்றச் சட்டங்கள், விசாரணை முடியும் முன்பே சொத்தை அரசுடைமையாக்கும் அளவுக்குக் கடுமையானவை. அவற்றை உச்ச நீதிமன்றம் 2015-இல் ஏற்றுக்கொண்டது. அவற்றில்கூட, உரியவர் விடுதலையானால் சொத்தைத் திருப்பித் தர வேண்டும், முடியாவிட்டால் அதன் மதிப்பை ஆண்டுக்கு 5 சதவீத வட்டியுடன் தர வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. 5 சதவீதம் குறைவுதான். இருந்தாலும், தவறு நேர்ந்தால் விலை கொடுக்க வேண்டும் என்று தெரிந்த அரசு, முடக்கும் முன் ஒரு முறை யோசிக்கும். மத்தியச் சட்டத்தில் அந்த யோசனைக்குத் தூண்டுதலே இல்லை.

சொத்துரிமை இன்று அடிப்படை உரிமை அல்ல என்பதை மகன் அறிந்திருப்பார். 1978-இல் வந்த 44-ஆவது அரசமைப்புத் திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற 300-ஏ பிரிவு. அதை ஒப்புக்குக் கிடக்கும் பிரிவாகவே பலர் நினைத்துவந்தார்கள். 2024 மே மாதம் ஒரு நிலமெடுப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குள் 7 உரிமைகள் அடங்கியிருப்பதாக விரித்துச் சொன்னது: நோட்டீஸ் பெறும் உரிமை, தன் தரப்பைச் சொல்லும் உரிமை, காரணத்தோடு கூடிய முடிவைப் பெறும் உரிமை என்று தொடங்கி, நடவடிக்கை தாமதமின்றி நடக்க வேண்டும், அது ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பது வரை. நிலமெடுப்புக்குச் சொன்னதைச் சொத்து முடக்கத்துக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்று அரசுத் தரப்பு வாதிடும். ஆனாலும் முடிவில்லாமல் தொங்கவிடுவதே ஓர் உரிமை மீறல் என்ற எண்ணம் உச்ச நீதிமன்றத்தின் வாயிலிருந்து வந்துவிட்டது. இந்த வழக்குகளிலும் அது ஒருநாள் எதிரொலிக்கும் என்று நம்புகிறேன். எதிரொலிக்கும் வரை நாம் அதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதுவரை பேசியது முடக்கம். தீர்ப்பே இல்லாமல் சொத்தை நிரந்தரமாக அரசு எடுத்துக்கொள்வது வேறு விஷயம். அதற்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2003-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட ஊழலுக்கு எதிரான உடன்படிக்கை, குற்றம் செய்தவர் இறந்துவிட்டாலோ தப்பி ஓடிவிட்டாலோ தண்டனை இல்லாமலே பறிமுதல் செய்வதைப் பற்றி நாடுகள் பரிசீலிக்கச் சொல்கிறது. நம் நாட்டில் 2018-இல் வந்த தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளிகள் சட்டம், 100 கோடி ரூபாய்க்குக் குறையாத குற்றங்களுக்கு அதைச் செய்கிறது. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு நீதிமன்றத்துக்கு வரமாட்டேன் என்பவர், எனக்குத் தீர்ப்பு வரவில்லையே என்று முறையிடுவதை நான் பொருட்படுத்த மாட்டேன். விசாரணையைத் தடுத்தவரே அவர்தான்.

இறந்தவர் விஷயம் அவ்வளவு எளிதல்ல. அவர் வேண்டுமென்றே விலகிப்போகவில்லை. முன்னாள் முதலமைச்சர் ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கு நம் எல்லோருக்கும் தெரியும். 2014-இல் தண்டனை, 2015-இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2016 டிசம்பரில் மறைவு. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பை மீட்டபோது, அவர் மீதான வழக்கு மறைவால் அற்றுப்போனதாகச் சொன்னது. தண்டனைதான் இல்லையே, நகைகளையும் சொத்துகளையும் எங்களிடம் தாருங்கள் என்று வாரிசுகள் கேட்டார்கள். 2025-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டன. எனக்கு அது சரியாகவே படுகிறது. சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, குறுக்கு விசாரணை முடிந்து, உச்ச நீதிமன்றம் வரை இரு தரப்பு வாதமும் கேட்கப்பட்ட வழக்கு அது. அந்தச் சொத்து எப்படி வந்தது என்ற கேள்வி சோதிக்கப்பட்டுவிட்டது. தண்டனை என்ற முத்திரை விழுந்ததா என்பதை விட, ஆதாரம் ஒரு நீதிமன்றத்தில் உரசிப் பார்க்கப்பட்டதா என்பதைத்தான் நான் கேட்பேன். அப்படிப் பார்க்கப்படாமல் எடுத்தால், இறந்தவருடையதானாலும் இருப்பவருடையதானாலும் அது பறிப்புதான்.

அந்தக் காரணத்தால்தான், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107-ஆவது பிரிவு எனக்குக் கலக்கத்தைத் தருகிறது. காவல் கண்காணிப்பாளரின் ஒப்புதலோடு விசாரணை அதிகாரி நீதிமன்றத்தை அணுகலாம். நீதிமன்றம் 14 நாள் நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்கும். நீதிபதியிடம் போக வேண்டும் என்பதை வரவேற்கிறேன். ஆனால் அது குற்றத்தால் வந்த சொத்து என்று நீதிமன்றம் கருதினால், அதை விற்றுப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 60 நாள்களுக்குள் பிரித்துக் கொடுக்க மாவட்ட ஆட்சியருக்கு உத்தரவிடலாம். குற்ற வழக்கில் தீர்ப்பு வந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பிரித்துக் கொடுத்த பிறகு அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தால் யாரிடம் போய்த் திரும்பக் கேட்பது? வைப்புத்தொகை வழக்கிலாவது ரசீது இருக்கிறது; குற்றமோ இல்லையோ, அந்தக் கடன் உண்மை. மற்ற குற்றங்களில் கொடுக்க வேண்டியது இருக்கிறதா என்பதே தீர்ப்பைப் பொறுத்தது. இந்த இடத்தில் உங்கள் மகனின் கோபம் முற்றிலும் சரி.

அமெரிக்காவில் இது எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துவிட்டார்கள். பென்னிஸ் வழக்கில், கணவன் செய்த குற்றத்துக்காக, ஒன்றுமறியாத மனைவிக்கும் பங்குள்ள காரை மிச்சிகன் அரசு எடுத்துக்கொண்டது. 1996-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் சரி என்றது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த மனைவிதான். அங்கே பறிமுதல் செய்த துறையே பணத்தை வைத்துக்கொள்ளும் வழக்கம் பல மாநிலங்களில் இருக்கிறது. நியூ மெக்சிகோ மாநிலம் 2015-இல் தண்டனை இல்லாத பறிமுதலையே ஒழித்தது. 2019-இல், 10,000 டாலர் அபராதமே உச்சவரம்பாக உள்ள குற்றத்துக்கு 42,000 டாலர் வண்டியைப் பறித்த வழக்கில், அளவுமீறிய அபராதத்துக்கு எதிரான பாதுகாப்பு மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் சட்டத்தில் பறிமுதலாகும் சொத்து மத்திய அரசுக்குப் போகிறது, அமலாக்கத்துறைக்கு அல்ல. இந்த ஒரு விஷயத்தில் நாம் மேல்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, 2009-இல் நீங்கள் வாங்கிய வீடு. மற்றொன்று, 2018-இல் வந்த 18 லட்சம். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு முன்பே வாங்கிய சொத்தை அந்தக் குற்றத்தால் வந்த சொத்தாகக் கொள்ள முடியாது என்று 2023 நவம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நிறுவனம் எப்போது பணம் வாங்கத் தொடங்கியது, முதல் தகவல் அறிக்கை எந்த ஆண்டிலிருந்து குற்றம் நடந்ததாகச் சொல்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அது 2009-க்குப் பிந்தியதாக இருந்தால் உங்கள் அடித்தளம் உறுதி. அமலாக்கத்துறை வேறொரு வாதம் வைக்கும். குற்றத்தால் வந்த சொத்து கைக்குக் கிடைக்காவிட்டால் அதற்கு ஈடான மதிப்புள்ள சொத்தையும் முடக்கலாம் என்று சட்டத்தின் வரையறை இடம் தருகிறது. அந்த வரையறை எவ்வளவு தூரம் நீளும் என்பதில் உயர் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. அப்படியே நீண்டாலும், உங்கள் விஷயத்தில் அது 18 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று வாதிட வேண்டும்.

அந்த 18 லட்சத்தைப் பற்றி உங்களிடம் வெளிப்படையாகப் பேசுகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று 2018-இல் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். நம்புகிறேன். ஆனால் அது வைப்பாளர்களின் பணம் என்று நிரூபணமானால் அது உங்களுடையது அல்ல. உங்கள் நல்லெண்ணம் அதை உங்களுடையதாக்காது. வீடு முழுவதையும் விட்டுத்தர மாட்டேன் என்று சொல்வதோடு, மாடிக்குப் போன தொகையை மறைக்காமல் சொல்வதுதான் உங்கள் பதில் மனுவுக்கு வலுச் சேர்க்கும். அந்தத் தொகைக்கு வங்கி வைப்போ உத்தரவாதமோ கொடுத்துவிட்டு வீட்டை விடுவிக்கக் கேட்க முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். அது கேட்பவரின் உரிமை அல்ல, அனுமதிப்பவரின் விருப்புரிமை, கேட்பதில் தவறில்லை.

உங்கள் கணவரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய மனசு பெரியது. ஆனால் வீட்டை விட்டுக்கொடுத்தால் அது தானாக வைப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்துவிடாது. பறிமுதலானால் அது மத்திய அரசின் சொத்து. நட்டமடைந்தவர்கள் சட்டத்தின் 8(8) பிரிவின் கீழ் சிறப்பு நீதிமன்றத்தில் கோரினால்தான் அவர்களுக்குத் திருப்பித் தர வழி உண்டு. விசாரணை நடக்கும்போதே அந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அவர் விரும்புவது நடக்க வேண்டுமானால், மாடிக்கு வந்த தொகை வைப்பாளர்களுடையது என்று தெளிவானால் அவர்களுக்கே அதைத் திருப்பித் தருவதில் ஆட்சேபனை இல்லை என்று உங்கள் பதிலில் எழுதலாம். எந்தக் குற்றத்தையும் ஒப்புக்கொள்வதாக அந்த வாசகம் ஆகிவிடாதபடி வழக்கறிஞர் எழுத வேண்டும்.

பழைய தேதியிட்ட ஒப்பந்தம் வேண்டாம். அதைப் பற்றி வீட்டில் பேசுவதையும் நிறுத்திவிடுங்கள். முத்திரைத்தாள் எப்போது, யாருக்கு விற்கப்பட்டது என்பதற்குப் பதிவு இருக்கிறது. பொய் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும். இன்று நீங்கள் வழக்கில் சம்பந்தமில்லாத சொத்துரிமையாளர். அந்தத் தாளில் கையெழுத்திட்ட நிமிடத்திலிருந்து, குற்றப் பணத்தை மறைக்க உதவியவர் என்று உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியும். மகளையும் சேர்த்து இழுத்துவிடுவீர்கள்.

நீங்கள் வீட்டிலேயே இருக்கலாம். முடக்கப்பட்ட அசையாச் சொத்தை அனுபவிப்பதைத் தற்காலிக உத்தரவு தடுக்காது என்று சட்டமே சொல்கிறது. உறுதி செய்யப்பட்ட பிறகு வெளியேற்ற அதிகாரம் உண்டு. ஆனால் பறிமுதல் உத்தரவுக்கு முன் அதைச் செய்வது விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்பது 2022 தீர்ப்பு. வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அன்றே வழக்கறிஞரிடம் கொடுங்கள். சொத்து வரியை விடாமல் கட்டுங்கள். விற்பதும் அடமானம் வைப்பதும் கூடாது. ஆணையத்தின் முடிவு எதிராக வந்தால் 45 நாள்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும், அங்கிருந்து 60 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

கொழுந்தனாரின் வழக்கு ரத்தானாலோ அவர் விடுதலையானாலோ அவர் மீதான பணப் பரிமாற்ற வழக்கும் நிற்காது, முடக்கமும் தளரும். அதற்காக அவர் தப்பினால்தான் வீடு தப்பும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் உரிமை உங்கள் சம்பளத்தின் மேல் நிற்கிறது. அவர் குற்றவாளி என்றே தீர்ப்பானாலும் அது நிற்கும். அவரிடமிருந்து அந்தப் பணத்துக்கு விளக்கக் கடிதம் எதுவும் எழுதி வாங்காதீர்கள். இப்போது எழுதப்படும் எதற்கும் மதிப்பில்லை, சந்தேகம்தான் மிஞ்சும்.

எடுத்து வைக்க வேண்டிய ஆவணங்கள்: கிரயப் பத்திரம், வங்கிக் கடன் அனுமதிக் கடிதம், கடன் முடிந்ததற்கான சான்று, 2009-ஆம் ஆண்டு வங்கிக் கணக்கு அறிக்கை, வருங்கால வைப்பு நிதியிலிருந்து பணம் எடுத்திருந்தால் அந்த உத்தரவு, மாடிக்கான கட்டட அனுமதி, செலவுக் கணக்கு. பழைய அறிக்கைகளை வங்கிகள் காலவரையின்றி வைத்திருப்பதில்லை. இன்றே எழுதிக் கேளுங்கள். இவை எல்லாவற்றையும் விட மேலான ஒன்று உங்களிடம் இருக்க வாய்ப்புண்டு. அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன்படி அசையாச் சொத்து வாங்குவதை நீங்கள் துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் அதில் எழுதியிருப்பீர்கள். வழக்கின் நிழல்கூட இல்லாத காலத்தில், உங்கள் கைப்பட எழுதி, அரசே கோப்பில் வைத்திருக்கும் கடிதம் அது. வீட்டில் நகல் இல்லையென்றால் நீங்கள் பணியாற்றிய மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். அவர்களுக்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. உங்கள் நோட்டீஸின் அவகாசமும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். அதனால் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, அதன் நகலை இணைத்து, அந்த ஆவணம் வந்ததும் தாக்கல் செய்ய அனுமதி வேண்டும் என்று பதில் மனுவிலேயே கேட்டுவிடச் சொல்லுங்கள்.